வண்டி ஓட்டக் கணக்குச் செயலி: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

வீட்டிலிருந்தே பகுதி நேரமாகத் தையல் வேலை செய்கிறேன். துணி வாங்க, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க எல்லாவற்றுக்கும் சொந்த வண்டிதான். வண்டிச் செலவில் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னதும் சந்தா கட்டி இந்தச் செயலியை வாங்கினேன்.

வண்டி நகர்ந்ததும் ஜிபிஎஸ் வைத்துத் தேதி, இடம், தூரம் எல்லாவற்றையும் தானே குறித்துக்கொள்கிறது, அது அருமை. எதற்காகப் போனோம் என்பதை மட்டும் நாம்தான் எழுத வேண்டும், அதையும் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள், வருடக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. போன வருடம் மொத்தம் 12,000 கிலோமீட்டர், தொழிலுக்கு 3,000. ஆக எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு, தேய்மானம் (வருடா வருடம் குறையும் வண்டியின் மதிப்பு) எல்லாவற்றிலும் 25 சதவீதம் கணக்கில் வந்தது.

குறையா? பஸ்ஸில் போனதையும் என் வண்டி ஓட்டமாக எழுதிவைக்கிறது! பேட்டரி வேறு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம், துணி வாங்கப் போகும் வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டால் அந்தப் பயணத்தை இரண்டாகப் பிரிக்க வழியே இல்லை. அதனால் மொத்த ஓட்டத்தையாவது சரிபார்க்க, ஓடோமீட்டர் எண்ணை வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைக்கிறேன். சந்தாவைப் புதுப்பிப்பேன், ஆனால் நோட்டை விடுவதாக இல்லை.