நிற்காமல் ஓடுவதா, நடந்து நடந்து ஓடுவதா? புதிதாக ஓடுபவர்களுக்கு மூன்று வழிகள்

ஓட ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்தவர் முதல் நாள் என்ன செய்வார் என்பது எனக்கு மனப்பாடம். புது ஷூவை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் 100 மீட்டர் ஓடிய அதே வேகத்தில் கிளம்புவார். பூங்காவை ஒரு சுற்று முடிப்பதற்குள் கை இடுப்புக்கு வந்துவிடும், விலாவில் குத்தும், மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியாது, 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று அதோடு ஷூ அலமாரிக்குள் போய்விடும். ஓட்டம் அநேகமாக எல்லோருக்கும் சரிப்பட்டு வரும், அந்த வேகம்தான் யாருக்கும் சரிப்பட்டு வராது.

இந்த முதல் நாள் சிக்கலுக்கு மூன்று பேர் சொன்ன மூன்று வழிகள் இன்று பரவலாக இருக்கின்றன. மூன்றையும் ஓடிப் பார்த்திருக்கிறேன், மற்றவர்களோடு கூடவே ஓடியும் பார்த்திருக்கிறேன், எனவே எது யாருக்கு என்று தயங்காமல் சொல்கிறேன்.

முதலாவது, 'கௌச் டு 5கே', அதாவது சோஃபாவிலிருந்து 5 கி.மீ. ஓட்டம் வரை. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைக்க எழுதிய அட்டவணை இது. 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 5 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்தமே 8 நிமிடம்தான் ஓடுகிறீர்கள். அப்புறம் வாரா வாரம் ஓட்டம் கூடி, நடை குறைந்து, 9-ஆம் வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். இதில் நடை ஒரு சாரம் மாதிரி, கட்டடம் எழும்பியதும் பிரித்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஜெஃப் கேலோவேயின் ஓட்டம்-நடை முறை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், 1974-இல் புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போய் இந்த முறைக்கு வந்தார். இவருக்கு நடை கட்டடத்திலேயே ஒரு தூண். களைத்த பிறகு நடப்பது கூடாது, களைப்பதற்கு முன்பே, முதல் நிமிடத்திலிருந்தே நடக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. 30 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை என்று தொடங்கலாம். மாரத்தானின் 42.195 கி.மீ. முழுவதையும் இப்படியே முடிப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது நம் ஊரில் அவ்வளவாகத் தெரியாதது. ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த ஹிரோஆகி தனாகா சொன்ன மெதுவோட்டம். நடக்கவே வேண்டாம், ஆனால் நடக்கிற வேகத்திலேயே ஓடு என்கிறார். மணிக்கு 4, 5 கி.மீ. போதும். குதிகாலில் இடிக்காமல் பாதத்தின் முன்பாதியில் இறங்கி, நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும். இந்த வேகத்தில் ஒரு அடிக்கு ஏறக்குறைய ஒரு முழம்தான் நகர்வீர்கள். முகத்தில் சிரிப்பு மாறாமல் ஓட முடிகிற வேகம் எதுவோ அதுவே சரியான வேகம் என்பது இவர் வைத்த அளவுகோல்.

மூச்சை வைத்துப் பார்த்தால் மெதுவோட்டம்தான் எளிது, ஆனால் பழக்கமில்லாத கெண்டைக்காலுக்கு அதுதான் அதிக வேலை வைக்கும், அதனால் முதல் சில நாட்கள் 5 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். இன்னொரு சங்கடம், பக்கத்தில் கைவீசி நடந்து போகிற தாத்தா உங்களைத் தாண்டிப் போவார். அதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் இருந்தால் இது அருமையான வழி, வாட்ச் வேண்டாம், ஃபோன் வேண்டாம், மொட்டை மாடியிலேயே ஓடலாம். கேலோவே முறைக்கு 30 விநாடிக்கு ஒரு முறை 'பீப்' அடிக்க ஏதாவது ஒன்று வேண்டும். கௌச் டு 5கேயில் செயலியின் குரல் 'ஓடு', 'நட' என்று சொல்லிவிடும். 'இன்றைக்கு எவ்வளவு ஓடலாம்' என்று காலையில் யோசிக்க ஆரம்பித்தால் பாதி நாள் படுக்கையிலேயே போய்விடும் என்பதால் ஒரு குரலுக்குக் கீழ்ப்படிவது புதியவருக்குப் பெரிய உதவி. மூன்று மாதத்தில் 'நான் அரைமணி நேரம் ஓடுகிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் சந்தோஷத்தையும் இதுதான் தரும்.

ஆனாலும் அந்த அட்டவணையின் 5-ஆம் வாரம் எனக்குப் பிடிக்காது. இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவில் நடை. மூன்றாம் நாள் ஒரே மூச்சில் 20 நிமிடம்! இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், தசைநாண்களும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதாவது 'முடியும், ஓடு' என்று மூச்சு சொல்கிற நேரத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற முன்எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. அந்த எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீரென்று வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையும் கெண்டைக்காலும் பொதுவாக வலிப்பது வேறு, அது இரண்டு நாளில் போய்விடும்.

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு 47 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பையில் ரெண்டு மிட்டாயோடு, என்னுடன் மெரினாவுக்கு வந்தார். கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, காலை ஐந்தரைக்கு நடைபாதையில் நல்ல கூட்டம் இருக்கும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, வீட்டுச் சாவியை வலது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். முதல் ஒரு நிமிடத்திலேயே தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. "அக்கா, சாவியை என்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். விரல்கள் விரிந்தன, முழங்கை தளர்ந்தது, நான் எதுவும் சொல்லாமலே தோள் கீழே இறங்கியது. அப்புறம், "நேத்து என்ன குழம்பு?" என்று கேட்டேன். "முருங்கைக்காய் போட்டு... சாம்பார்..." என்று நடுவில் மூச்சு வாங்கினார். வேகம் அதிகம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடிகிற அளவுக்கு அன்றைக்கே குறைத்துவிட்டோம்.

நாலு வாரம் செயலியின் குரலுக்கு ஓடினார். 5-ஆம் வாரத்தின் அந்த 20 நிமிட நாளில் 11-ஆவது நிமிடம் நின்றுவிட்டார். "என்னால முடியாதுப்பா, நீ போ" என்றபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும் வருத்தமாகிவிட்டது, ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு நிமிடம் ஓடத் திணறியவர் 11 நிமிடம் ஓடியதைத் தோல்வியாக நினைக்க வைத்தது அந்த அட்டவணை. அதே அட்டவணை மறு வாரம் முதல் நாளே 5, 8, 5 நிமிடங்களாகப் பிரித்து, இடையில் நடையும் கொடுக்கிறது, அது வரை போகவே அவருக்கு மனமில்லை. கேலோவே முறைக்கு மாறினோம். 30 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை, பிறகு மெல்ல மெல்ல ஒரு நிமிடம் ஓட்டம், அரை நிமிடம் நடை. இப்போது சிலை வரை போய்த் திரும்பி வருகிறார், ஐந்து கிலோமீட்டருக்கு மேலேயே ஆகிறது.

என் யோசனை இதுதான். நாற்பதைத் தாண்டியவர்கள், எடை கூடுதலாக இருப்பவர்கள், முட்டி வலி வந்து போனவர்கள் கேலோவே முறையில் தொடங்கி அதிலேயே இருக்கலாம், நடுவில் நடப்பதால் ஓட்டத்தில் ஒரு குறையும் வராது. இருபது, முப்பது வயதில் கெடு வைத்தால்தான் வேலை நடக்கும் என்பவர்கள் கௌச் டு 5கே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடியாத வாரத்தை இரண்டு மூன்று தடவை திரும்ப ஓடுங்கள், 9 வாரம் 14 வாரம் ஆகட்டும். கடைசி 30 நிமிடத்தில் 5 கி.மீ. வரவில்லையே என்று வருந்த வேண்டாம், கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று ஓடினால் 3.75 கி.மீ.தான் வரும், அதுவே நல்ல ஓட்டம். வெளியே போய் நாலு பேர் முன்னால் ஓடக் கூச்சமாக இருக்கிறதா, வீட்டைவிட்டு நகர முடியாத வேலையா, மெதுவோட்டம்.

எந்த வழியாக இருந்தாலும் கடலோர ஊர்களில் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, உடம்பு குளிர்வதில்லை, அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். இணையத்தில் கிடைக்கிற அட்டவணைகள் பலவும் குளிர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. ஏப்ரல், மே மாதங்களில் வேகம் குறைந்தால் அதற்குக் காரணம் வெயில்தான். மெரினாவுக்குப் போனாலும் மணலில் இறங்க வேண்டாம், தளர்ந்த மணலில் ஓட கெட்டித் தரையைவிட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். ட்ரெட்மில் மழைக்கால மாலைகளுக்கு நல்லது. தெருவில் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், ஓடினால்தான் துரத்தும். மற்ற மாவட்டக்காரர்கள், 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கி.மீ. நடைபாதை உங்கள் ஊரில் எங்கே என்று விசாரியுங்கள்.

நாள் குறித்துக்கொண்டு ஓட ஆசைப்படுபவர்களுக்குச் சென்னை மாரத்தான் ஜனவரியில் இருக்கிறது. நானும் அக்காவும் பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் ஓட்டத்தின் 10 கி.மீ.யைக் குறிவைத்திருக்கிறோம். செம்மண் பாதை, மர நிழல், யார் எவ்வளவு நேரத்தில் வந்தார் என்று கணக்கெடுப்பதும் இல்லை, பரிசும் இல்லை. ஒரு நிமிடம் ஓட்டம், அரை நிமிடம் நடை என்று கடைசிவரை போவதாகத் திட்டம். சாவி என் பையில் இருக்கும்.