ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறவர்களுக்கு: திருப்பூர்க் கடையொன்றில் எங்களுக்கு நேர்ந்தது

திருப்பூரில் குழந்தைப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில், பிறந்த குழந்தை முதல் பயன்படுத்தலாம் என்று சொல்லி எங்களுக்கு ஒரு ஸ்ட்ரோலரை விற்றார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தையை அதில் உட்கார வைக்கவே கூடாது என்று அதன் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. பெட்டியில் இருந்த விலையின் மேல் வேறொரு விலையை ஒட்டி, அதில் பெரும் தள்ளுபடி தருவதாகச் சொல்லி, உண்மையான அதிகபட்ச விலையை விடக் கூடுதலாகவே பணம் வாங்கிக்கொண்டார்கள். குழந்தை உள்ளே இருக்கும்போதே அந்த வண்டி தெருவில் மடங்கத் தொடங்கியது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் எங்களிடம் கையாண்ட முறை எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால், நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தினாலே அடுத்த வீட்டார் நடக்க இடமிருக்காது. பெரிய குழந்தை வண்டியை வாங்கி வைக்க வழியே இல்லை. கணவர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், பால், மளிகை, உழவர் சந்தை, ரேஷன் கடை, தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் என்று எல்லாவற்றுக்கும் நானும் மாமியாரும்தான் போய்வர வேண்டும். அத்தைக்கு மூட்டு வலி இருப்பதால் குழந்தையை நெடுநேரம் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே, மடித்தால் கதவுக்குப் பின்னால் நிற்கக்கூடியதாக, டவுன் பஸ்ஸில் ஒரு கையால் தூக்கி ஏற்றக்கூடியதாக, நாலாயிரம் ரூபாய்க்குள் ஒரு வண்டி வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொன்னோம். குழந்தைக்கு நான்கு மாதம் என்பதையும் சொன்னோம்.

விற்பனையாளர் ஒரு வண்டியை எடுத்து வந்து, ஒரே இழுப்பில் விரித்து, ஒரே தட்டில் மடித்துக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பொறந்த கொழந்தையில இருந்து மூணு வயசு வரைக்கும் ஓட்டலாமுங்க, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்குதுங்க" என்றார். பெட்டியில் 5,999 ரூபாய் என்று ஒட்டியிருந்தது. எங்களுக்கு 3,900 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி, யு.பி.ஐ. மூலம் பணம் பெற்றுக்கொண்டு, எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி சேர்ந்து விலை ஏறிவிடும் என்று பதில் வந்தது. பெட்டியில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்கு மேல் வரி என்று தனியாக வாங்க யாருக்கும் உரிமை கிடையாது. பில் போட்டால் விலை ஏறும் என்று எந்தக் கடையில் சொன்னாலும், அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியில் கிடந்த கையேட்டைப் பிரித்துப் படித்தபோதுதான், ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைகளுக்கு இவ்வண்டி ஏற்றதல்ல என்ற வரி கண்ணில் பட்டது. அது வெறும் சம்பிரதாயமான எச்சரிக்கை அல்ல. நான்கு மாதக் குழந்தைக்குக் கழுத்து அப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கும். தானாக உட்காரும் பலம் முதுகுக்கு வந்திருக்காது. நிமிர்ந்த இருக்கையில் அப்படிப்பட்ட குழந்தையை வைத்தால் உடல் சரிந்து, தாடை நெஞ்சில் அழுந்தி, மூச்சுப் பாதை குறுகிவிடும். உட்காரப் பழகாத குழந்தைக்குச் சாய்மானம் ஏறக்குறையப் படுக்கையாகவே இறங்க வேண்டும். எங்களுக்கு விற்ற வண்டியின் சாய்மானம், பின்னால் இருந்த பட்டையை முழுவதும் தளர்த்தினாலும் சற்றே சரிந்து நின்றுவிட்டது. கைக்குள் அடங்கும்படி மடங்கும் மலிவான வண்டிகள் பலவற்றில் இதுதான் நிலைமை: சின்னதாக மடங்க வேண்டும் என்பதற்காக முதலில் குறைக்கப்படுவது சாய்மானம்தான். விற்பனையாளருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, முதுகுக்குத் துணியை மடித்து வைத்து ஓட்டுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. குழந்தை நன்றாக உட்காரப் பழகும்வரை வண்டியைக் கதவுக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தோம். பிறகு முதல் முறையாக வெளியே எடுத்துப் போனபோதுதான், சாய்மானத்தை விடப் பெரிய ஆபத்து வெளிப்பட்டது.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தடம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதில் முன்சக்கரம் இறங்கியது. கைப்பிடியை அழுத்தி ஏற்ற முயன்றேன். வலப்பக்கம் 'டக்' என்ற சத்தம் கேட்டது. கைப்பிடிகள் இரண்டும் உள்நோக்கி நெருங்கத் தொடங்கின. "கண்ணு, வண்டி மடங்குது பாரு, புள்ளையப் புடி!" என்று அத்தை கத்திக்கொண்டே பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், நான் வாரைக் கழற்றிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். காயம் எதுவும் இல்லை. குழந்தையின் கை கம்பிகளின் நடுவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் மனம் பதறுகிறது.

அன்று மாலை கணவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். விரித்த நிலையில் சட்டத்தைப் பிடித்து நிறுத்த அதில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் கொக்கி. அதுவும் ஒற்றை ரிவெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது; கம்பியைக் கவ்வும் அதன் விளிம்பு அழுத்தத்தால் வெளுத்து, நகக்கண் அளவுக்கு விண்டிருந்தது. இடப்பக்கம் அதே இடத்தில் கொக்கிக்கான துளை மட்டும் இருந்தது, கொக்கி இல்லை. வடிவமைத்தவர் இரண்டு வைக்க நினைத்து, தயாரித்தவர் ஒன்றை விட்டுவிட்டார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

குடையைப் போல மடங்கும் இந்த வகை வண்டியை 1965இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். விமானத்தின் சக்கரம் மடங்குவது எவ்வளவு முக்கியமோ, விரித்த பின் மடங்காமல் நிற்பது அதைவிட முக்கியம். குழந்தை வண்டிக்கும் அப்படித்தான். அதனால்தான் நல்ல வண்டிகளில் ஒரு பூட்டு தவறினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்படி இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும். மடங்கும் கீல்களும் அதே அளவு கவனத்திற்குரியவை. 2009ஆம் ஆண்டு நவம்பரில், அந்த மெக்லாரன் பெயரையே தாங்கிய நிறுவனம், வண்டியை விரிக்கும்போது கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாகப் புகார்கள் வந்ததை அடுத்து, அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடிகளை இலவசமாக வழங்க வேண்டியதாயிற்று. பெயர்பெற்ற வண்டிக்கே அந்த நிலை என்றால், தயாரித்தவர் பெயரே தெரியாத வண்டியின் கீலைத் தடவிப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது.

பெட்டியின் கதையையும் சொல்ல வேண்டும். புகாருக்காகப் படம் எடுக்கும்போது விலைச் சீட்டின் ஓரம் உரிந்திருந்ததைக் கவனித்தோம். மெல்ல நீக்கிப் பார்த்தால், கீழே 3,299 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. எங்களிடம் வாங்கியது 3,900. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி விலையைக் குறைப்பதற்கு மட்டுமே தனிச் சீட்டு ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எந்த நாட்டில் செய்தது, குறை சொல்ல யாரை அழைப்பது என்பனவெல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாத ஒரு பட்டைக்குறியீடு மட்டும் இருந்தது. கடைக்காரர் பெருமையாகச் சொன்ன ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, வண்டியோடு கொடுத்த கிலுகிலுப்பையின் உறையில் இருந்தது. பொம்மைகளுக்கு அந்த முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். கிலுகிலுப்பையின் முத்திரை வண்டியைப் பற்றி எதையும் சொல்லாது. ஸ்ட்ரோலருக்கு என்றே உள்ள ஐரோப்பியத் தர எண் இ.என். 1888. அந்த எண் பெட்டியிலும் வண்டியில் தைத்த சீட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள், இ.என். 71 என்பது பொம்மைக்கான எண், அதைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

கடையில் உரிமையாளர் முதலில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க அக்கா, நல்லா பார்த்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க? ரோட்டுல எங்காச்சும் இடிச்சிருப்பீங்க. வித்த பொருளைத் திருப்பி எடுக்கறதில்லைங்க, சீட்டுலயே போட்டிருக்குதுல்ல" என்றார். விண்ட கொக்கியையும் உரிந்த விலைச் சீட்டையும் காட்டிய பிறகு, அதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார். பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

திருப்பி எடுப்பதில்லை என்று சீட்டில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும், பில் தராமல் விற்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. திருப்பிக் கொடுக்கப் பில்லில் காலவரை குறிப்பிடாத இடத்தில் சட்டம் 30 நாள் என்று வைத்திருப்பதால், வாங்கிய உடனேயே வண்டியை வீட்டுக்குள் பலமுறை விரித்து மடித்து, எடை வைத்துச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். விலைச் சீட்டு விவகாரத்திற்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுதான் இடம். நாங்கள் இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எஸ்டிமேட் சீட்டும் யு.பி.ஐ. பதிவும் சான்றாக இருப்பதால், பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குப் போவதாக இருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம்.

அதற்குள் வேறு வண்டி தேவைப்பட்டதால், கோவையில் சில கடைகள் ஏறி இறங்கி, முழு வரி பில்லோடு ஒன்று வாங்கினோம். இம்முறை விற்பனையாளரை விரித்துக் காட்ட விடவில்லை. நானே விரித்தேன், அத்தையும் விரித்துப் பார்த்தார். பூட்டிய பின் இருக்கையில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஆட்டிப் பார்த்தோம். தோள், இடுப்பு, கால்களின் நடு என ஐந்து முனையிலும் வார் இருந்தது. முதல் வண்டியில் தோளுக்கு வாரே இல்லை. ஒரு பெடலை மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாக நின்றன. சக்கரம் சற்றே பெரியது, அதனால் மடித்தால் முதல் வண்டியை விட இடம் அதிகம் பிடிக்கிறது, எடையும் கூடுதல்; பஸ்ஸில் ஏற்ற இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. நம் ஊர்ச் சாக்கடை மூடிகளின் இடுக்கில் சிக்காமல் போவதற்கு அந்த எடையைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சந்தைக்குப் போகும்போது காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டுவதே இல்லை: குழந்தையைத் தூக்கிய நொடியில் பையின் பாரத்தில் வண்டி பின்னால் சாய்ந்துவிடும், குழந்தை இலேசாக இருந்தால் உள்ளே இருக்கும்போதே சாயும். வெயிலுக்கு வண்டியின் மேல் துண்டைப் போர்த்துவதும் வேண்டாம், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடுகிறது.

பழைய வண்டியைப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இதைப் போல ஒற்றைக் கொக்கியில் நிற்கும் வண்டி உங்கள் வீட்டில் இருந்தால், குழந்தையை அடுத்த முறை உட்கார வைக்கும் முன் கவிழ்த்து வைத்து, கொக்கியின் விளிம்பு வெளுத்திருக்கிறதா, ரிவெட் ஆடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆடினால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பெட்டியையும் சீட்டையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, 1915க்கு அழையுங்கள்.