ஆம்ப்ளிஃபையருக்குக் காசைக் கொட்டுவதா, அறையைச் சரிசெய்வதா?

பேஸ் கிதார் வரும் பாட்டிலெல்லாம் என் அறையில் ஒரே ஒரு சுரம் மட்டும் பூதம் மாதிரி எழுந்து நின்றது. மற்ற சுரங்கள் ஒழுங்காகத்தான் கேட்டன. “ஆம்புக்குப் பிடிமானம் போதவில்லை. நல்லதாக ஒன்று வாங்கு, கேபிளையும் மாற்று” என்றார் நண்பர். ஆடியோ பித்து முற்றியவர்கள் எல்லா நோய்க்கும் எழுதித் தரும் மருந்து அது. சும்மா சொல்லக்கூடாது, தன்னுடைய கிளாஸ் ஏ ஆம்பையும் (ஆடியோ பிரியர்கள் உயர்வாகப் பேசும் ஒரு வகை) கட்டைவிரல் தடிமனில் ஒரு ஸ்பீக்கர் கேபிளையும் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தும் வைத்தார். அதே சமயத்தில் நான் ஒரு அளவீட்டு மைக்கும் நான்கு ராக்வுல் பலகைகளும் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையிழைப் பஞ்சு) வாங்கியிருந்தேன். ஆக, இரண்டையும் ஒரே அறையில் மோதவிட முடிந்தது.

கேபிள் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மூன்று மீட்டர் ஓடினால், போக வரச் சேர்த்து மின்தடை சுமார் 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது ஒரு டெசிபெலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. என் காதுக்கு அது எட்டாது.

ஆம்ப் அப்படியில்லை. முதல் இரவு அசந்துதான் போனேன். மறுநாள் ஸ்பீக்கர் முனையில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. குமிழை ஒரே இடத்தில் வைத்தாலும் நண்பரின் ஆம்ப் கொஞ்சம் சத்தமாக ஓடியது. சத்தம் துளி கூடினால் காது அதைத் “தெளிவு” என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சமமாக்கினேன். தம்பி திரைக்குப் பின்னால் நின்று காசைச் சுண்டிப்போட்டு மாற்றி மாற்றி இணைத்தான். 16 முறை கேட்டதில் 9 முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் சொன்னாலே எட்டு வரும். 12 வந்திருந்தால் பேசாமல் ஒத்துக்கொண்டிருப்பேன்.

இது என் காதின் குறை மட்டுமில்லை. 2007-இல் மேயர், மோரன் என்ற ஆடியோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலிப்பதிவுகளுக்கு நடுவே சாதாரண சிடி தரத்தைச் செருகிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 முயற்சியில் 276 சரி, அதாவது பாதிக்குப் பாதி. 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தும் பார்க்காமலும் மதிப்பிடச் சொன்னபோது, பார்த்ததும் மதிப்பெண்களே மாறிப்போயின.

ஆனாலும் ஒன்று. என் ஸ்பீக்கர் ஆம்பைப் படுத்தாத சாது. மின்தடை இரண்டு ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படலாம். அப்படி ஒன்றை நான் வைத்து ஓட்டியதில்லை.

இனி அறை. வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டித் திரும்பும்போது, அறையின் நீளத்துக்குப் பொருந்தும் அலை மட்டும் வலுத்து நின்றுவிடும். என் அறையின் நீளம் நான்கு மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அப்படி நிற்கும் முதல் அலை கிடைக்கும்: 43 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் அடித்தந்தியில் முதல் கட்டையை அழுத்தினால் வரும் சுரமும் கிட்டத்தட்ட அதேதான். என் பூதம் அதுதான்! அந்த அலைக்கு அழுத்தம் சுவரோரத்தில் அதிகம், நடுவில் சூனியம். நானோ சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, பூதத்தின் மடியிலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை விலை கொடுத்து ஆம்ப் வாங்கினாலும் சுவர் நகரப்போவதில்லை.

சோபாவை 1.2 மீட்டர் முன்னால் இழுத்தேன். மைக் காட்டிய மேடு நான்கைந்து டெசிபெல் இறங்கியது. காசே செலவில்லை. மிச்சத்தை ஈக்குவலைசரில் (ஒவ்வொரு சுரப்பகுதியின் சத்தத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டினேன். ராக்வுல் பலகைகள் இதற்குத் துணை வரவில்லை. பத்து சென்டிமீட்டர் தடிமன் இவ்வளவு தாழ்ந்த அலையை ஒன்றும் செய்யாது. அவை தீர்த்தது வேறொன்றை. முன்பெல்லாம் கைதட்டினால் பக்கச்சுவர்களுக்கு நடுவே “டர்ர்” என்று ஒரு அதிர்வு ஓடும். இப்போது தட்டினால் தட்டின சத்தம் மட்டும்தான். குரல் சுவரைவிட்டு விலகி நடுவில் வந்து நிற்கிறது. இதற்குத் திரையும் வேண்டாம், காசு சுண்டவும் வேண்டாம். பலகையைக் கழற்றினால் தம்பிக்கே தெரிகிறது.

மறுவிற்பனையில் மட்டும் ஆம்ப்தான் ஜெயிக்கும். துணி சுற்றிய ராக்வுல்லை யார் வாங்குவார்கள்? வீட்டில் நடு ஹாலுக்கு வந்துவிட்ட சோபாவைப் பற்றிய பேச்சும் இன்னும் ஓயவில்லை.

அப்புறம், புது இடத்திலும் ஒரு குறை உண்டு. அதே நீளத்தில் நிற்கும் இரண்டாவது அலையான 86 ஹெர்ட்ஸின் அழுத்தம் குறையும் பள்ளத்துக்குப் பக்கத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பள்ளத்தை ஈக்குவலைசரால் நிரப்ப முடியாது, ஏற்ற ஏற்ற ஆம்ப்தான் திணறும். முன்பு பூதமாக எழுந்த அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே போனால் இப்போது கொஞ்சம் மெலிந்துதான் கேட்கிறது.