திருகோணமலையில் உரசின ரிம்முக்கு ஒரு கடை

கண்டி வீதியால் நகரத்தை விட்டு வெளியே போகிற பக்கம், பழைய டயர்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வாசலில் அடுக்கி வைத்திருக்கிற ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ‘ரிம் கடை’ என்று கேட்டால் ஓட்டோக்காரர்கள் காட்டுவார்கள். அலோய் ரிம், அதாவது அலுமினியக் கலப்புலோக ரிம், பேவ்மென்ட் கட்டில் உரசிப் போனால் அங்கே கொண்டு போங்கள் என்று இப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலையில் குறை இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கடைக்கார நானா ரிம்மைப் பார்க்க முதல் டயரைத் தடவிப் பார்த்தார். என் மதிப்பெண்ணில் பாதி அதற்கே போகிறது.

உரசினது அத்தான். கனடாவில் இருந்து அக்காவோடு விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே நல்ல ஓட்டுநர்தான். ஆனால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், ஓடுவது வீதியின் வலது பக்கம். இடது கை பக்கம் கதவோடு கார் முடிந்துவிடும் என்று உடம்பு பழகிப் போயிருக்கும். இங்கே வலது பக்க ஆசனத்தில் இருக்கும்போது இடது பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் இருக்கிற அளவு கார் கிடக்கிறது. டொக்யாட் வீதியில் ஒதுக்கும்போது முன் சில்லு கட்டோடு இழுபட்டது. “ஒண்டுமில்லை, டயர்தான்” என்றார். பிறகு ஒரு சந்தியில் இடப்பக்கம் மடக்கும்போது பின் சில்லு கட்டில் ஏறி விழுந்தது. வளைவில் பின் சில்லு முன் சில்லின் தடத்தில் வராது, உள்ளால் வெட்டிக்கொண்டு வரும் என்பதைக் கனடாவிலும் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

என்னுடையது சுசுகி வாகன்ஆர் ஸ்டிங்ரே கார். டயரில் 165/55 ஆர் 15 என்று இருக்கும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டயரின் அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 வீதம், அதாவது 91 மில்லிமீற்றர் அளவு. கடைசி 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மாருதி ஆல்டோ 800இன் 145/80 ஆர் 12 டயரில் அதே சுவர் 116 மில்லிமீற்றர். ரிம் பெரிதாகி ரப்பர் குறையக் குறைய, கட்டுக்கும் உலோகத்துக்கும் இடையில் மெத்தை குறைகிறது. காற்றும் குறைவாக இருந்தால் சொல்லத் தேவையில்லை. ஆல்டோவுக்கு இரும்பு ரிம், மேலே பிளாஸ்ரிக் கப். உரசினால் கப்பை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அழகுக்காகப் பெரிய அலோய் போட்ட எங்களுக்கு அந்த வசதி இல்லை.

“கீறல்தானே, விடுங்கோ” என்று பலரும் சொன்னார்கள். மலைநாட்டில் இருப்பவர் சொன்னால் கேட்கலாம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். வாடைக்காலத்தில் வாசல் கேற்றின் கொளுக்கி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது அரைகுறை உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி உலோகத்தைக் காக்கும். உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைக் குத்தி உடைக்கும். கீறலால் உள்ளே போன உப்பீரம், ரிம்மின் மேல் பூசியிருக்கிற நிறமில்லாத லாகருக்குக் கீழே கறையான் ஓடின தடம் மாதிரி வெள்ளைக் கோடு கோடாகப் பரவும். பிறகு கீறின இடம் மட்டும் இல்லை, கீறாத இடத்திலும் லாகர் உரியத் தொடங்கும்.

பக்கத்து வீட்டு அண்ணாவின் அக்வா காரில் இதை நேரடியாகவே பார்த்தேன். வேறொரு கராஜில் டயரைக் கழற்றாமலே, சுற்றிவரப் பழைய பேப்பர் ஒட்டி, ஸ்பிரே அடித்துக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்க்கப் புதுசு போல இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, விளிம்பில் இருந்து பாளம் பாளமாகக் கழன்றது. கீழே இருந்த வெள்ளைப் பூப்பைச் சுரண்டாமல் மேலே என்ன அடித்தாலும் அது நிற்காது.

இனிக் கடைக்கு வருகிறேன். நானா என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார், அவருடைய சின்ன மகன் எங்கள் பள்ளிக்கூடம். காரை நிறுத்தினதும் ரிம்மைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து முன் டயரின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுத் தடவினார். ஓரிடத்தில் நிறுத்தி சோக்கால் வட்டம் போட்டார்.

“பெயின்ட் எல்லாம் பிறகு பாப்பம் டீச்சர். இதில கைய வைங்க.”

வைத்தேன். ஒரு சின்னப் புடைப்பு, பெருவிரல் அளவு இருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, கைக்குத் தெரிந்தது.

“உள்ளுக்கு நூல் அறுந்திட்டு. இத ஒட்ட ஏலா. இதோட ஹபரணைக் காட்டுக்குள்ள போயிராதீங்க.”

டயரின் சுவருக்குள் இருக்கிற நூலிழைகள்தான் காற்றின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. கட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசியும்போது அந்த நூல் அறுந்தால், ரப்பர் மட்டும் தனியே தாங்கி வெளியே புடைக்கும். எப்போது வெடிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஜப்பானில் இருந்து வருகிற இந்தச் சின்னக் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் டயரும் இல்லை. பஞ்சரை அடைக்கிற மருந்துப் போத்தலும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கும், வெடித்த சுவருக்கு அது உதவாது. கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகிற வழியில், யானை நடமாடுகிற இடத்தில், இருட்டின பிறகு அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வாரம்தான் அக்காவையும் அத்தானையும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டு போக இருந்தோம்.

புது டயரை அவரிடமே வாங்கச் சொல்லி நெருக்கவில்லை. “எங்கயும் எடுங்க, முன்னுக்கு ரெண்டும் ஒரே மாதிரி எடுங்க, திகதியப் பாருங்க” என்றார். திகதி என்றது டயரின் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நாலு இலக்கம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நகரத்துக் கடையொன்றில் முதலில் எடுத்துப் போட்டது பல வருடம் கிடந்த டயர். இலக்கத்தைக் காட்டினதும் உள்ளே போய் வேறு கொண்டு வந்தார்கள். முன்னாலிருந்த நல்ல பழைய டயர் ஒன்றை இப்போது வீட்டில் வைத்திருக்கிறேன்.

ரிம் வேலை. டயரைக் கழற்றினார்கள். வெறும் ரிம்மை பலன்ஸ் மெசினில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பார்த்தார்கள், ஆடவில்லை. கழுவி, கீறலின் கூரான ஓரங்களை அரத்தால் மட்டப்படுத்தினார்கள். ஆழமான இரண்டு இடத்துக்கு மெட்டல் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்புகிற பசை. டயர் வந்து உட்காருகிற உள்விளிம்பில் பட்டி வைக்க மாட்டேன் என்றார். அங்கேதான் காற்று அடைபடுகிறது, பட்டி பெயர்ந்தால் ஒவ்வொரு நாளும் காற்றடிக்க வேண்டிவரும். பிறகு கரடு முரடான சாண்ட் பேப்பரில் தொடங்கி நைசுக்கு இறங்கி, பிரைமர், வெள்ளிப் பெயின்ட், கடைசியில் கிளியர் என்கிற நிறமில்லாத லாகர். சூட்டடுப்பு எல்லாம் இல்லை, பெரிய பல்ப் வெளிச்சத்தில் காயவிடுகிறார்கள். அவசரப்படுத்தினால் நானாவுக்குக் கோபம் வரும். “காய விடாட்டி அடிச்சு என்னத்துக்கு?”

ஒரு ரிம்முக்கு 6,500 ரூபா, டயர் கழற்றிப் பூட்டி பலன்ஸ் பண்ணுவதும் சேர்த்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து இருக்கிற காரை இருக்கிற மாதிரியே காப்பாற்றப் பழகிவிட்டோம். 2025இல் திறந்துவிட்ட பிறகும் வரியைப் பார்த்தால் பழைய கார்தான் சொந்தம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ரிம் எடுக்கலாம், ஆனால் அது தன் கீறலோடுதான் வரும். அந்தக் கணக்கில் 6,500 நியாயமான காசு.

குறைகளுக்கு வருகிறேன். வெள்ளி நிறம் சரியாகப் பொருந்தவில்லை. நிழலில் தெரியாது. வெயிலில் இடது பக்கம் நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் போனால், செய்த ரிம் ஒரு சுற்று வெளிச்சமாக இருக்கிறது. நானாவிடம் சொன்னேன். “ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில பாக்கிற ஆள் ஆரு டீச்சர்?” என்றார். சிரிப்பு வந்தது, பதில் திருப்தி தரவில்லை. காசு வாங்கி வேலை செய்தால் நிறத்தைச் சேர்த்துப் பார்த்துக் கலக்க வேண்டும். பின் சில்லின் வால்விலும் வெள்ளித் தூறல் இருந்தது, தின்னரில் துணி நனைத்துத் துடைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அதைவிடப் பெரிய குறை, வேலைக்கு நிற்கிற தம்பி சில்லைப் பூட்டின விதம். காற்றுத் துவக்கால் நாலு நட்டையும் டர்ரென்று இறுக்கிவிட்டு ஜக்கை இறக்கினார். என் காரின் கைநூலில் நட்டை இறுக்குகிற அளவு 85 நியூட்டன் மீற்றர் என்று போட்டிருக்கிறது. துவக்கால் இறுக்கினால் எவ்வளவு என்று எவருக்குத் தெரியும்? வழியில் பஞ்சரானால் பெண்ணொருத்தி கைச்சாவியால் அதைக் கழற்ற முடியாது. எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்குகிற அளவுச் சாவி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, பெட்டிக்குள் எண்ணெய் படாமல் புதுசாகவே கிடந்தது. தளர்த்தி, அதால் திரும்ப இறுக்கித் தந்தார்கள். நீங்களும் கேளுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

எல்லா ரிம்மும் அங்கே செய்ய முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு டீச்சரிடம் ஹொண்டா வெசல் கார் இருக்கிறது. அதன் ரிம், முகப்பு பளபளவென்று கடைந்து, பள்ளங்கள் மட்டும் கறுப்பாக இருக்கிற ரகம். டைமண்ட் கட் என்பார்கள். அதன் முகப்பில் பெயின்ட் இல்லை. கடைசல் மெசினில் உலோகத்தையே மெல்லிசாகச் சீவி, மேலே கிளியர் அடித்தது. அதற்கு சான்ட் பேப்பரும் வெள்ளிப் பெயின்ட்டும் பிடித்தால் பழைய தோற்றம் வராது. நானா அந்த டீச்சரிடம் நேரே சொல்லிவிட்டார், கொழும்புக்குக் கொண்டு போங்க, இல்லாட்டி முழுக்கக் கறுப்பாக அடிச்சுத் தாறன் என்று. ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் குறைகிறது, ஆகவே அதையும் நினைத்த நேரமெல்லாம் செய்ய முடியாது. டீச்சர் கறுப்பு அடித்தார். நன்றாகத்தான் இருக்கிறது, அவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

நான் காத்திருந்த நேரம் ஒருவர் வெடித்த ரிம் ஒன்றைக் கொண்டு வந்தார். கட்டில் அல்ல, குழியில் விழுந்ததாம். வெல்ட் பண்ணித் தரச் சொன்னார். நானா மாட்டேன் என்றார். அவர் கெஞ்சினார், கூடக் காசு தாறன் என்றார், நானா அசையவில்லை. அவர் காரணத்தை விளக்கவில்லை, நான் விளக்குகிறேன். அலோய் ரிம்மை வார்த்த பிறகு 540 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து, பிறகு 150 பாகை அளவில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். ரிம்மின் உறுதி அந்தப் பதத்தில் இருக்கிறது. வெல்டின் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். வெளியே தையல் அழகாக இருக்கும், பக்கத்திலேயே உலோகம் மெத்தென்று இருக்கும். இந்த வேலையைச் செய்து கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. செய்யாத இடத்துக்குத்தான் நான் போவேன்.

ரிம் விளிம்பைச் சுற்றி ஒட்டுகிற ரப்பர் வளையம் வேண்டுமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். லேசான உரசலைத் தாங்கும், உண்மை. ஆனால் உப்புவெளிப் பக்கம் போய் வந்தால் அதற்கும் ரிம்முக்கும் நடுவில் மணலும் உப்பும் போய்த் தங்கும், கழுவவும் முடியாது. இடப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பின் சில்லையும் கட்டையும் பார்த்து ஒதுக்குவது செலவில்லாத வழி.

வீல் அலைன்மென்ட் மெசின் அங்கே இல்லை. கட்டில் பலமாக ஏறினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, இழுத்தால் வேறு இடத்தில் காட்டுங்கள். என்னுடையது இழுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும். இருக்கக் கதிரை இல்லை, குடை கொண்டு போங்கள். கார்ட் எடுக்க மாட்டார்கள். பில் கேட்டால்தான் எழுதுவார்கள், கேளுங்கள். ரிம்மின் நடு மூடியைக் கழற்றி உங்கள் கையிலேயே வைத்திருங்கள். எனதில் ஒன்று டயர்க் குவியலுக்குப் பின்னால் இருந்துதான் எடுபட்டது.