பெட்டியில் 3200, கம்ப்யூட்டரில் 2133

ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 3200 வேகம் என்று போட்ட 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. சில வருடங்களாக என் எடிட்டிங் வேலையெல்லாம் இதில்தான் ஓடுகிறது. ப்ராசசர் எனக்குத் தொந்தரவே தந்ததில்லை. ரேமின் வேகம்தான் அவ்வப்போது தலையைச் சொறிய வைத்தது.

புதிதாக மாட்டியதும் டாஸ்க் மேனேஜர் 2133 என்று காட்டியது. கோளாறு ஒன்றும் இல்லை. எந்த போர்டிலும் கிளம்பட்டும் என்று ரேம் முதலில் பொதுவான, மெதுவான வேகத்தில்தான் ஓடும். பெட்டியில் போட்ட 3200 என்பது எக்ஸ்எம்பி ப்ரொஃபைலின், அதாவது தயாரிப்பாளர் ரேமிலேயே பதித்து வைத்த செட்டிங்கின் வேகம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் செட்டிங் மெனுவான பயாஸில் அதை நாமே ஆன் செய்ய வேண்டும். செய்தால் வோல்டேஜும் 1.2-லிருந்து 1.35-க்கு ஏறும். கம்ப்யூட்டரின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது கிளாக் வேகம்; ஒரு கிளாக்கில் இரண்டு முறை டேட்டா போகும், அதனால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு ரேம் ஸ்டிக் மட்டும் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். முதல் இரண்டில் அடுத்தடுத்து மாட்டினால் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் டேட்டா போகும் ட்யுவல் சேனலே கிடைக்காது.

உண்மையான தலைவலி, அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியபோது ஆரம்பித்தது. 3200-இல் சில நாள் கிளம்பும், சில நாள் கறுப்புத் திரை. கிளம்பினாலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சிவப்பாக எர்ரர்களைக் கொட்டியது. பயாஸ் அப்டேட் செய்தும் அப்படியேதான். தனித்தனியாகச் சோதித்தால் நான்குமே நல்ல ஸ்டிக்குகள்! பாரம் முழுக்க ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் மேல். ஏஎம்டி இந்த ப்ராசசருக்குத் தரும் கணக்கே இதுதான்: இரண்டு ஸ்டிக் என்றால் 3200, சிங்கிள் ரேங்க் (சிப்புகள் ஒரே தொகுதியாக உள்ள) ஸ்டிக் நான்கு என்றால் 2933, ட்யுவல் ரேங்க் (இரண்டு தொகுதியாக உள்ள) நான்கு என்றால் 2667. அதற்கு மேல் ஓடினால் அது நம் அதிர்ஷ்டம்.

எக்ஸ்எம்பியை ஆனில் வைத்து, வேகத்தை மட்டும் கையால் 2933 ஆக்கினேன். ராத்திரி முழுக்க ஓடிய டெஸ்டில் ஒரு எர்ரர் இல்லை. சிஎல்16-இல் (கேட்ட டேட்டா வர 16 கிளாக் ஆகும் செட்டிங்) தாமதம் 10 நானோ செகண்டிலிருந்து சுமார் 10.9 ஆகிறது, அவ்வளவுதான். வீடியோ எடிட் செய்யும்போது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் திடீரென்று மறுபடி 2133. கம்ப்யூட்டரின் கடிகாரமும் பின்னால் போயிருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, பயாஸ் செட்டிங் எல்லாம் அழிந்திருக்கிறது. பேட்டரியை மாற்றி, செட்டிங்கை மறுபடி போட்டதும் சரி. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி ஆகும்.

இனி வாங்கினால் 32 ஜிபிக்கு 16 ஜிபி இரண்டுதான். டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் இந்த இடி இன்னும் பலமாக விழுகிறது: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்வது இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600.