6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பழைய தோட்ட லாரிக்கு எது பொருந்தும்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் 1950-களின் லாரி ஒன்றிரண்டு இன்னும் ஓடும் நிலையில் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ரப்பர் பாலும் ஆட்களும் ஏற்றிய வண்டிகள். இப்போது கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே வருகின்றன. வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும் கேள்வி: பழைய 6 வோல்ட் வயரிங்கை அப்படியே வைத்துக்கொள்வதா, 12-க்கு மாற்றிவிடுவதா? போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மாத்திடுங்க அண்ணே, தொல்லை விட்டது." நான் அவ்வளவு சீக்கிரம் தலையாட்ட மாட்டேன்.

இங்கே நான் பேசுவது செவர்லே லாரியைப் பற்றி. 1955-இன் நடுவில் புது வடிவம் வரும்வரை செவர்லே லாரிகள் 6 வோல்ட்டில்தான் வந்தன. ஃபோர்டு 1956-இல் 12-க்கு மாறியது. பழைய ஃபோர்டில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணைவது; செவர்லேயில் நெகட்டிவ். இதைக் கவனிக்காமல் ஒரு வண்டிக்குச் சொன்ன யோசனையை மற்றதில் செய்தால் சாமான் எரியும்.

6 வோல்ட் மேல் சொல்லப்படும் முதல் குறை, ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்பது. இது பெரும்பாலும் அநியாயமான பழி. ஒரே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதனால் பேட்டரி கேபிளும் இரண்டு மடங்கு தடிமனாக இருக்க வேண்டும்: 50 சதுர மில்லிமீட்டர், முடிந்தால் 70. வருஷக்கணக்கில் கைமாறி வந்த வண்டிகளில் யாரோ ஒருவர் கடையில் கிடைத்த சாதாரண கார் கேபிளை, 25 சதுர மில்லிமீட்டரை ஒட்டியதை, மாட்டியிருப்பார். இந்த லாரிகளில் பேட்டரி கேபின் தரைக்கு அடியில் இருக்கிறது. சேறும் மழைத்தண்ணீரும் நேராகப் படும் இடம். முனையில் பச்சை பூத்திருக்கும், எர்த் பட்டை பெயிண்ட்டின் மேலேயே முடுக்கியிருக்கும். பிறகு எப்படிச் சுற்றும்?

சோதிப்பது சுலபம். ஒருவர் ஸ்டார்ட்டர் பெடலை மிதிக்கட்டும். வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தலையிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரில் கேபிள் சேரும் இடத்திலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே கேபிளில் கோளாறு. அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் தலைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவே அதே சோதனை. இந்த இரண்டையும் பார்க்காமல் "12-க்கு மாத்து" என்று சொல்பவரின் பேச்சை நான் நம்புவதில்லை.

வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 90 வாட் என்று வைத்துக்கொண்டால், 6 வோல்ட்டில் 15 ஆம்பியர், 12-இல் ஏழரை. வழியில் அரை வோல்ட் தொலைந்தால் 6-இல் அது எட்டு சதவீதம், 12-இல் நாலு. எட்டு சதவீதம் கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் இழை பல்பில் வோல்ட் சற்றுக் குறைந்தாலே வெளிச்சம் வேகமாக விழும்: எட்டு சதவீத இழப்பில் கால் பங்கு வெளிச்சம் போய்விடும். இங்கே 12-க்கு உள்ள சாதகம் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் 6 வோல்ட்டிலும் ஹெட்லைட்டுக்கு ரிலே (சுவிட்ச் வழியே விடாமல் பெரிய கரண்ட்டைத் தானே திறந்து மூடும் சாதனம்) வைத்து, தடித்த வயரை நேராக இழுத்து, விளக்குக்குத் தனி எர்த் கொடுத்தால் தொலைந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி திரும்பி வரும்.

மாற்றத்தின் பக்கம் நிஜமாகவே வலுவாக நிற்பது சார்ஜ் விஷயம். பழைய வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, என்ஜின் ஐடிலில் மெதுவாக ஓடும்போது சார்ஜ் கொடுப்பதே இல்லை என்று சொல்லலாம். நம் ஊரில் இந்த வண்டி எந்த வேலைக்கு வெளியே வருகிறது? ராத்திரி சாமி ஊர்வலம். ஆள் நடக்கும் வேகத்தில், வீட்டுக்கு வீடு நின்று, விளக்கைப் போட்டபடி போக வேண்டும். டைனமோவுக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. விளக்கும் இக்னிஷனும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும். நிஜத்தில் அதற்கு வெகுமுன்பே, நடுரோட்டில் என்ஜின் நின்றால் மறுபடி எடுக்காத நிலைக்கு வந்துவிடும். டைனமோவுக்குப் பதிலாகப் போடும் ஆல்டர்னேட்டர் ஐடிலிலும் சார்ஜ் செய்யும். மழையும் ஒரு காரணம். இந்த லாரிகளின் வைப்பர் என்ஜினின் உறிஞ்சலில் ஓடுவது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் வைப்பர் படுத்துவிடும். பேராக் மழையில் மின்சார வைப்பர் பெரிய நிம்மதி, அதற்கான மோட்டாரும் 12 வோல்ட்டில்தான் எளிதாகக் கிடைக்கும்.

சரி, மாற்றுவது என்றால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? பேட்டரி, ஆல்டர்னேட்டர், அதைப் பிடிக்கும் பிராக்கெட், எல்லா பல்பும், ஹார்ன் அல்லது அதற்கு ஒரு ரெசிஸ்டர். இக்னிஷன் காயில் 12-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் கருகும். டேங்க்கில் பெட்ரோல் அளவு காட்டும் மீட்டருக்கு வோல்ட்டைக் குறைக்கும் துணைச் சாதனம் வேண்டும். ஆயில் பிரஷர் மீட்டரும் வெப்ப மீட்டரும் மின்சாரத்தில் ஓடுபவை அல்ல, அவற்றைத் தொட வேண்டாம். 6 வோல்ட் ஸ்டார்ட்டர் 12-இல் வேகமாகச் சுற்றும். சட்டென்று பிடிக்கும் என்ஜினுக்குப் பரவாயில்லை, ஆனால் பெடலை நீண்ட நேரம் மிதித்தால் சூடேறும், ஃபிளைவீல் பல்லும் சீக்கிரம் தேயும்.

ஒரு எச்சரிக்கை. டேஷ்போர்டில் கரண்ட்டைக் காட்டும் பழைய அம்மீட்டர் சிறிய டைனமோவுக்காகச் செய்தது. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் கரண்ட் முழுவதையும் அதன் வழியே விட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கலாம். தடித்த வயரைத் தனியாகப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள், இடையில் பியூஸும் வையுங்கள்.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் உண்டு: 8 வோல்ட் பேட்டரி. அது வேண்டாம். சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் தூக்கி வைக்காவிட்டால் பேட்டரி நிரம்பாது, தூக்கினால் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும்.

லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அது முதலிலிருந்தே 12 வோல்ட். ஆனால் 1967 வாக்கில் மாறும்வரை பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டர் போடும் முன் எர்த்தை நெகட்டிவுக்கு மாற்றியே ஆக வேண்டும். முனை மாறி இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு அந்த நொடியே போய்விடும்.

இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் பேசும் விஷயம் வயரின் துணி உறை. இந்த வெயிலிலும் ஈரத்திலும் அது பொடியாக உதிர்ந்து, செம்பு வெளியே தெரியும். அப்படிப்பட்ட வயரில் 12 வோல்ட்டைக் கொடுத்தாலும் 6 வோல்ட்டைக் கொடுத்தாலும் ஆபத்து ஒன்றுதான். 12-இல் கரண்ட் பாதியாகும், அதனால் பழைய வயரின் தடிமன் தாராளமாகப் போதும். உறைதான் போதாது. ஆகவே முதல் செலவு வோல்ட்டுக்கு அல்ல, வயருக்கு. புது வயரைப் போடும்போது 6 வோல்ட்டுக்குத் தேவையான தடிமனிலேயே போடுங்கள். பின்னால் மனம் மாறி 12-க்குப் போனாலும் அதே வயர் போதும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் பகலில் டவுனுக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் லாரி என்றால் 6 வோல்ட்டே இருக்கட்டும்: புது வயரிங், தடித்த கேபிள், தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய எர்த், ஹெட்லைட்டுக்கு ரிலே. எத்தனையோ வண்டிகள் துண்டாக வெட்டப்பட்டுப் பழைய இரும்பாகப் போன பிறகு மிஞ்சியவை இவை. டைனமோ முனகும் சத்தத்தோடு, காலால் மிதித்து ஸ்டார்ட் எடுக்கும் ஒரு லாரியை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஊர்வல சீரியல் விளக்குக்கு எப்படியும் ஜெனரேட்டர் வரும், அந்தப் பாரத்தை லாரி பேட்டரியில் ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் அடிக்கடி ராத்திரியிலும் மழையிலும், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கம் போகும் வண்டி என்றால் 12-க்கு மாற்றுங்கள். அங்கே பழமையைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் பெரிது. மாற்றும்போது சேசிஸில் புது ஓட்டை போடாமல், டைனமோ இருந்த அதே போல்ட்டில் ஆல்டர்னேட்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய டைனமோ, ரெகுலேட்டர், காயில், பல்புகள் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, எந்த வயர் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதி, ஒரே பெட்டியில் வையுங்கள். லாரியை விற்க நேர்ந்தால் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.