சித்தூர் அரசுக் கல்லூரி: தமிழ் படிக்க நல்ல இடம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சோகநாசினி ஆற்றங்கரையில் 1947 முதல் இயங்கும் கல்லூரி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். தமிழில் இளங்கலையும் முதுகலையும் இங்கேயே படிக்கலாம். வளாகத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும்.

சறுக்குவது சேர்க்கையில்தான். இந்தக் கல்லூரி இணைந்திருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகம் சுற்றுச் சுற்றாக இடம் வழங்கும் அலாட்மெண்டில், ஆப்ஷன்களின் (நீங்கள் விருப்ப வரிசையில் தரும் கல்லூரி, பாடத் தேர்வுகளின்) வரிசையே எல்லாம். இடம் கிடைத்ததும் கெடுவுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கிடைத்ததே போதுமென்றால் வரிசையில் அதற்கு மேலே உள்ள ஆப்ஷன்களை உடனே ரத்து செய்யுங்கள்; அடுத்த சுற்றில் அவற்றில் ஒன்று விழுந்தால் கையிலிருக்கும் இடம் தானாகவே பறிபோகும். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை நம்பி இடஒதுக்கீட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

இளங்கலை 2024 முதல் நான்காண்டுப் பட்டம். மூன்றாம் ஆண்டோடும் முடித்துக்கொள்ளலாம். வருகைப்பதிவு 75 சதவீதம் கட்டாயம்.